வாசிக்கத் தெரியாத ஆள் வேணும்

டீச்சருக்கு,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் எழுத்துகள் வரியில் நிற்கவில்லை. சில மேலே ஏறுகின்றன, சில கீழே தொங்குகின்றன. சில இடத்தில் அழுத்தி எழுதித் தாள் ஓட்டையாகிவிட்டது. ‘ழ’ வரும்போதெல்லாம் பேனா நின்று யோசிக்கிறது, எங்கே சுற்றி எங்கே இறங்க வேண்டும் என்று. இந்த நாலு வரி எழுதுவதற்குள் என் மனைவி ஞானம் ஒரு வாளித் துணியை அலசிக் காயப்போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

இன்று காலை எங்கள் வீட்டில் பயறு கரிந்தது. ஞானம் அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போனாள். நானும் அடுப்புப் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் அங்கே நேற்று முறுக்கு பொதிந்து வந்த ஒரு பத்திரிகைத் துண்டு கிடந்தது. யாரோ ஒருவர் வீட்டுக் கிணற்றில் பன்றி விழுந்துவிட்டதாம். ஊர்க்காரர்கள் கயிறு போட்டு அதை மேலே எடுக்கிறார்கள். பன்றி பாதிக் கிணறு ஏறி வந்த இடத்தில் தாள் கிழிந்திருந்தது. மிச்சத் துண்டைத் தேடி நான் முறுக்கு டின்னைக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

ஞானம் வந்து பார்த்துவிட்டு, “வயசுகாலத்துலே எழுத்து படிச்சதுக்கு இதாக்கும் பலன்” என்றாள். நான் சிரித்தேன். கேலி செய்கிறேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்படி இல்லை. அடிப்பிடித்த பயறு வாசனை வந்தால் எனக்கு நீங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து நிற்கிற மாதிரி இருக்கும்.

அதனால் தாளை எடுத்தேன். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள். டீச்சருக்கு என்றேன். விலாசம் என்ன போடுவீர்கள் என்று கேட்டாள். விலாசம் எழுத வேண்டாமே, அந்த வேலை மிச்சம் என்றேன். அவள் உள்ளே போய், மை நன்றாக வருகிற வேறு பேனாவைக் கொண்டுவந்து தந்தாள்.

நீங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோதே உங்களுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவீர்கள். பஸ்ஸில் பலகை மலையாளம், பள்ளிக்கூடத்துக்குள்ளே பாடம் தமிழ். எனக்கு அன்றைக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டும் வெறும் கோடு. நான் கஞ்சிப்புரையில் சமையல்காரன். பிள்ளைகளுக்கு மதியச் சோறு வேகிற கொட்டகைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். கஞ்சி நின்று சோறு வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெயர் மாறவில்லை. பிள்ளைகள் என்னைக் கஞ்சிப்பாட்டா என்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் சில பிள்ளைகளுக்கு வாசிக்க வரவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்தது வந்த கொஞ்ச நாளிலேயே. போர்டில் எழுதியதைப் பார்த்து எழுதச் சொன்னால் அச்சுப்போல எழுதுவார்கள். எழுதியதை வாசி என்றால் வாய் திறக்காது. மீசை அரும்பிய பையன்கள், ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தால் வாங்குவார்களா? நீங்கள் மதிய நேரத்தில் தனியாகக் கூப்பிட்டுப் பார்த்தீர்கள். ஒருவன் தலைவலி என்றான், ஒருவன் வரவே இல்லை.

ஒரு நாள் நீங்கள் நேராகக் கஞ்சிப்புரைக்கு வந்தீர்கள். ஒரு தாளை நீட்டி, இதில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று என்னிடம் கேட்டீர்கள். எல்லோரிடமும் சொல்வதை உங்களிடமும் சொன்னேன், கை ஈரம் என்று. நீங்கள் என் கையைப் பார்த்தீர்கள். காய்ந்துதான் இருந்தது.

“அண்ணனுக்கு வாசிக்கத் தெரியாதா?”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. தெரியாது என்று தலையாட்டினேன்.

“அப்போ ரொம்ப நல்லது. எனக்கு வாசிக்கத் தெரியாத ஆள் வேணும்” என்றீர்கள்.

என் ஆயுசில் அப்படி ஒரு வார்த்தையை யாரும் என்னிடம் சொன்னதில்லை. எழுத்து தெரியாத குறைக்கு நான் எத்தனை இடத்தில் தலை குனிந்திருக்கிறேன். நீங்கள் அதையே ஒரு தகுதி மாதிரி கேட்டு வந்தீர்கள். பிறகு விளக்கிச் சொன்னீர்கள். உங்கள் முன்னால் வாசித்தால் தப்பு வந்துவிடும் என்று பிள்ளைகளுக்குப் பயம். என் முன்னால் தப்பாக வாசித்தால் எனக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே பயம் இல்லை. நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்க வேண்டாம். பிறகு என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டால் போதும்.

முதலில் அனுப்பியது ஷிபினை. வகுப்பிலேயே உயரமானவன், கடைசி பெஞ்சு. அவனுடைய அப்பா வில்சன் வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவர். ஓணப் பரீட்சையில் பையன் எல்லாவற்றிலும் தோற்றதும், இனி என்னோடு வேலைக்கு வா என்று சொல்லிவிட்டார். நீங்கள் அவர் வீட்டுக்கே போய், கிறிஸ்துமஸ் பரீட்சை வரைக்கும் விடுங்கள் என்று கேட்டு வாங்கி வந்தீர்கள். அதற்குள் அவன் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது.

அவன் கஞ்சிப்புரைக்கு வருவதில் ஒரு வசதி இருந்தது. மதியச் சோறு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும். அதனால் ஒன்பதாம் வகுப்பில் ஒருவன் அங்கே வந்து உட்கார்ந்தால், மிச்சச் சோற்றுக்கு வந்திருக்கிறான் என்றுதான் மற்றவர்கள் நினைப்பார்கள். வாசிக்க வந்திருக்கிறான் என்று யாருக்கும் தோன்றாது. அவனும் அதைக் கெட்டிக்காரத்தனமாகக் காப்பாற்றினான். வரும்போதே தட்டோடுதான் வருவான்.

முதல் நாள் என்ன வாசிக்கிறாய் என்று நீங்கள் கேட்டபோது வேதாகமம் என்றான். சங்கீதத்தை விரித்து வைத்துக்கொண்டு தடங்கல் இல்லாமல் வாசித்தான். நான் அசந்துபோனேன். இவனுக்கா வாசிக்க வராது என்று உங்களைப் பார்த்தேன். நீங்கள் அவன் தோளுக்கு மேலாகத் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள். பிறகு மெல்லப் பக்கத்தைப் புரட்டினீர்கள். அவன் நிறுத்தவில்லை. புரட்டிய பக்கத்திலும் அதே சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் சங்கீதம் அது. எனக்கும் மனப்பாடம்தான். அதனால் எனக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கோயிலுக்குப் போகிற நீங்கள் மட்டும்தான் அங்கே தாளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர். நீங்கள் சிரித்தீர்கள், அவனும் சிரித்துவிட்டான். அன்றைக்கே முடிவாகிவிட்டது, எங்கள் இரண்டு பேருக்கும் ஏற்கெனவே தெரியாத ஒன்றைத்தான் வாசிக்க வேண்டும் என்று.

நூலகத்திலிருந்து ஒரு பழைய கதைப் புத்தகம் கொண்டுவந்தீர்கள். அண்ணன் தம்பி இரண்டு பேர் சண்டையோடு கடலுக்குப் போகிறார்கள். நடுக்கடலில் மோட்டார் நின்றுவிடுகிறது. படகில் இவர்களுக்குத் தெரியாமல் ஒரு கோழி ஏறியிருக்கிறது. கொண்டுபோன சோறு தீர்ந்துவிட்டது. கோழியை அறுப்பதா வேண்டாமா?

டீச்சரே, நான் எத்தனை கோழி அறுத்திருப்பேன். ஒரு கோழிக்காக அப்படித் தவித்ததில்லை. ஷிபின் ஒரு நாளைக்கு நாலைந்து வரிதான் வாசிப்பான். கல்லும் முள்ளும் மிதித்து நடக்கிற மாதிரி வாசிப்பான். அண்ணன் கத்தியை எடுத்தான் என்ற இடத்தில் மணி அடித்துவிடும். “எலே மக்கா, இன்னும் ஒரு வரி” என்று நான் கெஞ்சுவேன். அவன் தட்டைக் கழுவிக்கொண்டே, “நாளைக்கு வாறேன் பாட்டா” என்று போய்விடுவான். எனக்குச் சாயங்காலம் முழுக்க அந்தக் கத்திதான்.

ஒரு நாள் அவன் வந்த முகத்திலேயே ஏதோ இருந்தது. உட்கார்ந்தான், புத்தகத்தைத் திறக்கவில்லை. தம்பி என்ன செய்தான் என்று எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன் என்றான். வீட்டில் வைத்து முன்னாலேயே வாசித்துவிட்டான், என்னைப் பாடுபடுத்துவதற்காகவே. நான் உங்களிடம் வந்து முறையிட்டேன், பையன் ஏமாற்றுகிறான் என்று. நீங்கள் கையில் இருந்த சாக்பீஸை மேசையில் வைத்தீர்கள். “வீட்டிலே வாசிச்சானா? அவனாவா?” என்றீர்கள். அடுத்து என்ன வரும் என்று நான் உங்களிடம் கேட்டபோதுதான் சொன்னீர்கள், நீங்களும் அந்தப் புத்தகத்தை வாசிக்கவில்லை என்று. வாசித்திருந்தால் உங்கள் முகம் காட்டிக் கொடுத்துவிடுமாம்.

பயறு முதன்முதல் கரிந்தது அதற்கு மறுநாள். தம்பி கோழியைத் தன் சட்டைக்குள் ஒளித்து வைத்த இடம். ஷிபின் ஒரு பக்கம் முழுக்க நிறுத்தாமல் வாசித்தான். நான் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன், கிண்டவில்லை. ஹெட்மாஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். நீங்கள் அவருக்கு முன்னாலேயே ஒரு தட்டை எடுத்து, அந்தப் பயற்றைச் சோற்றில் போட்டுத் தின்று, இரண்டாம் தரமும் வாங்கினீர்கள். இன்றைக்கு ஒரு ருசி இருக்கிறது என்றீர்கள். பாவம் அவர், என்ன சொல்வார்?

இதற்கிடையில் எனக்கே தெரியாமல் ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஷிபின் விரல் வைத்து வாசிக்கும்போது என் கண்ணும் கூடவே போகும். நீங்கள் வேறு ஒரு வேலை செய்தீர்கள். கஞ்சிப்புரை டின் மூடிகளில் எல்லாம் அரிசி, பயறு, உப்பு, சீனி என்று தாளில் எழுதி ஒட்டினீர்கள். பிள்ளைகள் பார்த்து வாசிக்கட்டும் என்றுதான் சொன்னீர்கள். எனக்கு எது எந்த டின் என்று இருட்டிலும் தெரியும். அதனால் அந்த எழுத்துகளை நான் படிக்கவில்லை, தினமும் பார்த்தேன், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கிற ஒரு நாள். சீனி டின்னைத் திறக்கப் போனேன். கை நின்றுவிட்டது. டின் சீனி டின், எப்போதும் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது. மூடி மட்டும் உப்பு. திறந்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், சீனிதான். “எலே, மூடியை மாத்தினது யாரு?” என்று சத்தம் போட்டேன். ஷிபின் வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய வேலை. அந்த வழியாகப் போன நீங்கள் உள்ளே வந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

“மூடி மாறினது அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“எழுதியிருக்கே டீச்சரே, உப்புன்னு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. மூன்று பேரும் அந்த மூடியைப் பார்த்தோம். நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கி உங்கள் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு எங்கள் உப்பு டின்னுக்கு ஒரு தட்டுதான் மூடி.

சந்தோஷம் வந்தால் உங்களுக்குக் கை கால் நிற்காது. அசெம்பிளியில் தினமும் ஒரு பிள்ளை செய்தி வாசிக்குமே, அதை ஒரு நாள் நான் வாசிக்க வேண்டும் என்றீர்கள். ஒரே ஒரு தலைப்பு வரி. அதை என்னோடு உட்கார்ந்து எத்தனை தரம் வாசிக்க வைத்தீர்கள் என்று கணக்கில்லை. அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டு மைக்கின் முன்னால் நின்று வாசித்தேன். முழுப் பள்ளிக்கூடமும் கை தட்டியது. நீங்கள் எனக்குத் துண்டு போர்த்தினீர்கள். என் கல்யாணத்துக்குக்கூட அத்தனை கூட்டம் இல்லை.

மறுநாள் ஷிபின் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அசெம்பிளி முடிந்து வகுப்புக்குப் போகிற வழியில் பையன்கள் அவனைப் பிடித்திருக்கிறார்கள். கஞ்சிப்பாட்டாவே வாசித்துவிட்டார், எலே, நீ எப்போது என்று. பரீட்சை வரும் முன்னாலேயே அவன் அப்பாவோடு வேலைக்குப் போய்விட்டான். நீங்கள் கஞ்சிப்புரைக்கு வந்து அரிசிச் சாக்கின் மேல் உட்கார்ந்தீர்கள்.

“தப்பு நான் பண்ணினதாக்கும், அண்ணே. அவன் பயமில்லாம வாசிச்சுக் காட்ட இருந்த ஒரே ஆளையும் நான் மைக் வெச்சு எடுத்துப்போட்டேன்.”

உங்களை அப்படிக் குன்றிப்போய் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கோழி இன்னும் படகில் இருக்கிறது, புத்தகம் உங்கள் மேசையில் இருக்கிறது. அதைச் சொன்னேன். நீங்கள் எழுந்துவிட்டீர்கள்.

அமரவிளைக்குப் பஸ் ஏறினோம். அங்கே ஒரு புது வீட்டில்தான் வேலை. உங்களைக் கண்டால் அவன் ஓடிவிடுவான் என்று சொல்லி, நீங்கள் எதிரில் சாயாக்கடையில் உட்கார்ந்துகொண்டீர்கள். நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே மெஷினில் டைல்ஸ் அறுக்கிற சத்தம். ஷிபின் முகமெல்லாம் வெள்ளைப் பொடி. என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டான்.

“பாட்டா என்னத்துக்கு வந்திய?”

“கோழி என்ன ஆச்சுன்னு அறியணும் மக்கா.”

“ஒங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியுமே. அசெம்பிளியிலே வாசிச்சியளே.”

நான் சிமெண்டு மூட்டையில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். வாசித்தேன். முதல் வரி முடிவதற்குள் மெஷின்காரர், என்ன நடக்கிறது என்று பார்க்க மெஷினை நிறுத்திவிட்டார். ஒரு வரியை இரண்டு தரம் வாசித்தேன். அடுத்ததை விட்டுவிட்டேன். படகில் இருந்த அண்ணன் திடீரென்று வீட்டில் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். யாரோ சிரித்தார்கள். ஷிபின் சிரிக்கவில்லை. அவனுக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.

“பாட்டா, அப்படி இல்லே” என்றான். கொஞ்சம் பொறுத்து, “வரி தாண்டிட்டிய. இங்கே தாங்க” என்றான்.

கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தை வாங்கினான். நின்றபடியே வாசித்தான். அவனும் அங்கங்கே முட்டினான். ஆனால் என் வாசிப்பைக் கேட்ட காதுக்கு அவனுடையது பஸ் போகிற மாதிரி இருந்தது. முட்டி போட்டு ரப்பர் சுத்தியலால் டைல்ஸைத் தட்டிக்கொண்டிருந்த வில்சன் தட்டுவதை நிறுத்தினார். எழுந்திருக்கவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. பக்கம் முடிந்து ஷிபின் நின்றபோது குனிந்த தலையோடு கேட்டார்.

“எலே, அப்போ கோழி?”

வீட்டுக்காரர் வந்துவிடுவார் என்று மெஷின்காரர் சொன்னார். வரட்டும், அவரும் இருந்து கேட்கட்டும் என்றார் வில்சன். ஷிபின் கடைசிவரை வாசித்தான். கடலில் மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. சட்டைக்குள்ளிருந்த கோழி விடியற்காலம் என்று நினைத்துக் கூவியது. அந்தச் சத்தத்துக்கு வேறொரு படகு வந்தது. மெஷின்காரர் தொடையில் தட்டிக்கொண்டார், கோழி பிழைத்ததற்கு.

சாயங்காலம் கை கழுவும்போது வில்சன் என் பக்கத்தில் வந்து நின்றார். எங்கள் வீட்டில் ஒரு முழுக் கதையை வாசித்த முதல் ஆள் இவன்தான் என்றார். “பத்து முடியட்டும். டைல்ஸ் எங்கேயும் போகாது.”

நான் சாயாக்கடைக்கு வந்தபோது உங்கள் முன்னால் சாயா ஆறி ஆடை படிந்திருந்தது. வாசித்தானா என்று கேட்டீர்கள்.

“என்னைத் திருத்தினான், டீச்சரே.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் பலகாரம் பொரித்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

இப்போது ஒரு விஷயம். கஞ்சிப்புரை அண்ணன் வேண்டுமென்றே தப்பாக வாசித்துப் பையனை வழிக்குக் கொண்டுவந்தார் என்று நீங்கள் எல்லோரிடமும் சொன்னீர்கள். அண்ணனுக்கு நாடகம் நன்றாக வரும் என்று ஞானத்திடமே சொன்னீர்கள். நாடகம் ஒன்றும் இல்லை. அசெம்பிளி வரி நீங்கள் ஊட்டி ஊட்டிப் பழக்கியது. அந்தக் கதைப் பக்கத்தை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன். எனக்கு வந்ததே அவ்வளவுதான். நீங்கள் அதை அத்தனை ரசித்துச் சொன்னதால் மறுக்க மனம் வரவில்லை. ஷிபினுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

அவன் பத்தில் தேறினான். மார்க்கு உங்களுக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. இப்போது ஐ.டி.ஐ. படிக்கிறான். நீங்கள் காரக்கோணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பத்திரிகை கொண்டுவந்து வாசித்தேனே, அன்றைக்கு உங்களுக்குப் பேச்சு குறைந்திருந்தது. அவசரம் இல்லை, நிறுத்தி வாசியுங்கள் என்று மட்டும் சொன்னீர்கள். போன மழைக்காலத்தில் உங்களைக் கடைசியாகப் பார்க்க உங்கள் வீட்டு முற்றத்தில் நின்றபோது ஷிபின் என் பக்கத்தில் நின்றான். திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேரும் உங்களைப் பற்றிச் சிரித்துச் சிரித்துப் பேசினோம். பக்கத்து இருக்கைக்காரர்கள் நாங்கள் கல்யாணத்துக்குப் போய் வருகிறோம் என்று நினைத்திருப்பார்கள்.

கஞ்சிப்புரையில் இப்போது வேறு ஆள் சமைக்கிறார். ஆனாலும் புது டீச்சர் வாரத்தில் இரண்டு நாள் என்னை வரச் சொல்கிறார். எட்டாம் வகுப்பில் ஆன்சி என்று ஒரு பெண்பிள்ளை, வாய் திறக்காதவள். வந்த அன்றைக்கே, பாட்டாவுக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்டாள். பொய் சொல்ல முடியாதே. தெரியும், ஆனால் பையப் பையத்தான் வரும், நீ வாசித்தால் எனக்குச் சீக்கிரம் தெரியும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

எனக்குத் தெரியாமல் இருந்தபோது சும்மா இருப்பது சுலபமாக இருந்தது. இப்போது அவள் தப்பாக வாசித்தால் எனக்குத் தெரிகிறது. வாய் துறுதுறுக்கிறது. அப்போது கூடையில் இருக்கிற உள்ளி வெங்காயத்தை எடுத்துத் தோல் உரிக்கத் தொடங்கிவிடுவேன். கண் கையில் இருக்கும், காது அவளிடம் இருக்கும். பிறகு என்ன ஆச்சு மக்கா என்று மட்டும் கேட்பேன். நீங்கள் எனக்குத் தந்த வேலை அதுதான், அதை இன்னும் விடவில்லை.

வியாழக்கிழமை அவள் வாசித்ததில் ஒரு யானை வருகிறது. மரப்பாலம் வரைக்கும் வந்துவிட்டது, ஏற மாட்டேன் என்று நிற்கிறது. பாகன் கரும்பு காட்டுகிறான், கெஞ்சுகிறான், பாட்டுக்கூடப் பாடிப் பார்க்கிறான். அங்கே மணி அடித்துவிட்டது. ஆன்சி ஒரு விரலைப் பக்கத்தில் அடையாளம் வைத்து மூடிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். யானை ஏறியதா இல்லையா என்று எனக்கும் தெரியாது. புத்தகம் அவள் பையில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தெரிந்துவிடும். அடுத்த வாரம் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.